கீழ்த்தளத்தில் மரத்தரை போடும் முன் ஓதத்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: மடிப்பாக்கத்தில் சொந்த மனையில் வீடு கட்டியிருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் 12-க்கு 14 அடியில் இரண்டு படுக்கையறை. தரைக்குக் கான்கிரீட் போட்டு, மேலே சிமெண்ட் தளமும் இழுத்து ஒரு மாதம் ஆகிறது. தை மாதம் கிரகப்பிரவேசம். அதற்குள் இரண்டு அறைக்கும் மரத்தரை போட்டுவிட வேண்டும். ஆசாரி, தேக்குப் பலகையை நேராகச் சிமெண்டிலேயே பசை வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார். கடைக்காரர் இன்ஜினியர்டு வுட்தான் (பிளைவுட் போன்ற அடுக்குகள்மேல் உண்மையான மரம் ஒட்டிய பலகை) சரி என்கிறார். இன்ஜினியரோ, 28 நாள் தாண்டிவிட்டது, கான்கிரீட் தயார் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடைக்காரர் சொல்வது பாதி சரி. மற்ற இருவர் சொல்வதையும் இந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தைக்குள் மரத்தரை என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுவது நல்லது.

அந்த 28 நாள் கணக்கு கான்கிரீட் வலுவடைவதற்கானது. வலுவடைவது வேறு, காய்வது வேறு. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி நீராற்றும் நாட்களில் கான்கிரீட் காய்வதே இல்லை. காயக் கூடாது என்றுதானே தண்ணீர் விடுகிறோம். அதன்பிறகு உள்ளே இருக்கும் மிச்சத் தண்ணீர் மெல்ல மெல்ல மேல்பரப்பு வழியாக வெளியேற வேண்டும். நல்ல காற்றோட்டம் இருந்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்கச் சொல்லும் தோராயக் கணக்கு. உங்களுக்கு நாலு அங்குலக் கான்கிரீட், மேலே இரண்டு அங்குலத் தளம் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதம். அதுவும் மழைக்காலம் இல்லாமல் இருந்தால்.

கான்கிரீட்டுக்குள் ஊற்றிய தண்ணீர் என்றாவது ஒரு நாள் தீர்ந்துவிடும். கீழ்த்தளத்தில் பெரிய தொல்லை அதுவல்ல, மண்ணிலிருந்து ஏறும் ஈரம், அதாவது ஓதம்தான். நம்மூர் வீடுகளில் ஓதத் தடுப்பு அடுக்கு பெரும்பாலும் சுவருக்கு அடியில், பிளிந்த் மட்டத்தில் (தெருவுக்கு மேலே வீட்டுத் தரை உயர்ந்து நிற்கும் மட்டம்) மட்டும் இருக்கும். அறையின் நடுவில் கிராவலோ மணலோ கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, மேலே கான்கிரீட் போட்டிருப்பார்கள். நடுவே பாலித்தீன் ஷீட் விரித்தார்களா என்று உங்கள் மேஸ்திரியைக் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார் என நினைக்கிறேன். அப்படியானால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் உங்கள் தரை கீழிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டைல்ஸுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. இடுக்கு வழியாக ஈரம் வந்து காற்றில் போய்விடும், யாருக்கும் தெரியாது. மரத்துக்கு அப்படியில்லை.

மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் சரசரவென்று மேலே வரும். ஆகவே, மே மாதம் தரையைச் சோதித்து "எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது" என்று சொல்லும் ஆளை நம்ப வேண்டாம். இந்தப் பக்கம் கீழ்த்தளம் என்றால் சோதனையை அடைமழை மாதத்தில் செய்ய வேண்டும். கோடையில் அழகாகப் போட்ட மரத்தரை முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே பலகை பலகையாக ஓரம் தூக்கிக்கொண்டு நின்ற வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரியும், மேல்பக்கம் விரியாது. அதனால் இரண்டு ஓரமும் எழும்பி நடு குழியும். அந்த வீட்டில் அவசரப்பட்டு மெஷின் வைத்து ஓரங்களைத் தேய்த்து மட்டமாக்கினார்கள். கோடையில் ஈரம் இறங்கியதும், தேய்த்த ஓரம் பள்ளமாகி நடு மேடாகிவிட்டது. ஓரம் தூக்கினால் தேய்க்கக் கூடாது. ஈரம் வரும் வழியை அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முதலில் இன்னொரு விஷயத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு நினைவிருக்கும், சுவரைக் காட்டியே சொல்வார். உங்கள் பிளிந்த் அந்த உயரத்துக்கு மேலே இல்லையென்றால் கீழ்த்தளத்தில் மரம் வேண்டாம். மாடி அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்தது பாலித்தீன் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமாகக் கண்ணாடிபோல் தெரியும் தடித்த பாலித்தீன் ஷீட் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நீர் கோக்கவில்லை என்பதால் ஈரம் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அது மேல்பரப்பை மட்டுமே காட்டும்.

இதைவிட நம்பகமான ஒன்றை அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பத மானி ஒன்று வாங்குங்கள். முதலில் அது உண்மை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, மானியோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். உப்புக் கரைசலுக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் நம் வீட்டுச் சூட்டில் எப்போதும் 75 சதவீதம். மானி 71 காட்டினால் நாலு கூட்டிக்கொள்ளுங்கள், 78 காட்டினால் மூன்று கழித்துக்கொள்ளுங்கள். மரத்தரைக்கு எல்லைக்கோடாகப் பலரும் வைப்பதும் அதே 75 சதவீதம்தான் என்பது வசதியாகப் போயிற்று.

அப்புறம், மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மானியைத் தரையில் வைத்து அதன்மேல் கவிழ்த்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் தொடக் கூடாது. வெயில் விழும் இடம் ஆகாது. அறைக்கு நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறைச் சுவர் ஓரம் ஒன்று என மூன்று இடம் பாருங்கள். பிரிட்டனில் முறையாகவே இப்படிப் பெட்டி கவிழ்த்து அளப்பது உண்டு. அமெரிக்க முறையில் கான்கிரீட் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு உள்ளே மானியை இறக்கி அளப்பார்கள். துல்லியம் அதில்தான் அதிகம். அந்தக் கருவி கையில் இருக்கும் ஒப்பந்தக்காரர் கிடைத்தால் இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

75-க்குள் நின்றால் ஷீட் விரித்து வேலையைத் தொடங்கலாம். தாண்டினால் தரையைக் கிரைண்டிங் செய்து ஈரத்தடுப்பு எபாக்சி இரண்டு கோட் அடிக்க வேண்டும். எந்த எபாக்சி எவ்வளவு ஈரம் வரை தாங்கும் என்பதை அதன் தகவல் தாளில் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். 90-க்கு மேலே காட்டினால் எதுவும் அடிக்காமல் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

கிரகப்பிரவேசத்துக்கு என்ன செய்வது? எனக்கு இரண்டு வழி தெரிகிறது. சிமெண்ட் தளத்தை அப்படியே விட்டுவிட்டு, கோரைப்பாய் விரித்துக் குடியேறலாம். தரை மூச்சு விட்டுக் காயும். வினைல் கார்ப்பெட் மட்டும் விரித்துவிடாதீர்கள், ஈரத்தை அடைத்துவிடும். சிமெண்ட் தரையோடு குடியேற மனம் ஒப்பவில்லையென்றால் இப்போது சாதாரண டைல்ஸ் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அதன்மேலேயே மிதவை முறையில், அதாவது தரையில் ஒட்டாமல், மரத்தரை போடலாம். தேதி குறித்துவிட்டவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஒரு நிபந்தனை: கதவுக்கு அடியில் இப்போதே 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிடச் சொல்லுங்கள். பின்னால் கதவைக் கழற்றி இழைப்பது வீண் வேலை.

இனி எந்த மரம். ஆசாரி தேக்கு என்று சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈரத்துக்கு அசைவதில் தேக்கு மிகவும் நிதானமான மரம். ஓக் மரம் அசைவதில் பாதிதான் அசையும். ஆனால் பாதி என்பதும் கொஞ்சமல்ல. உங்கள் அறையின் 12 அடி அகலத்துக்கு முழு மரத்தாலான கட்டிப் பலகை பரப்பி, மரத்தின் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 12-க்கு ஏறினால், தட்டையாக அறுத்த தேக்கு மொத்தமாக ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் விரியப் பார்க்கும். ஓக் என்றால் 53. சுவரோரம் நாம் விடும் இடைவெளியோ 10, 12 மில்லிமீட்டர். இடம் போதாமல் பலகை நடுவில் கூடாரம் அடித்து எழும்பும், அல்லது பசையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

8-லிருந்து 12 என்பது நான் இட்டுக்கட்டிய கணக்கு அல்ல. 30 டிகிரிச் சூட்டில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீத ஈரத்தில் நிற்கும். 70 என்றால் 13-க்குப் பக்கம். 80 என்றால் 15-ஐயும் தாண்டும். இரவெல்லாம் ஏசி ஓடும் சென்னைப் படுக்கையறை ஒரே நாளில் இந்த இரண்டு முனைக்கும் போய்வருகிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் பலகைகளை 6 முதல் 9 சதவீதத்துக்குக் காயவைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். ஹீட்டர் ஓடும் வீட்டுக்காக அப்படி. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அது இங்கே விரியத்தான் போகிறது.

இன்ஜினியர்டு பலகைக்கு நான் ஓட்டுப் போடுவது இதனால்தான். அடியில் பிளைவுட் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள், மேலே உண்மையான மரம். ஓர் அடுக்கு விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது பலகையின் வெட்டு முனையைக் காட்டச் சொல்லுங்கள். 14, 15 மில்லிமீட்டர் கனத்தில் மேல் மரம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் பின்னால் ஓரிரு முறை தேய்த்துப் பாலிஷ் போடலாம். அரை மில்லிமீட்டர் மரத்தை ஒட்டிவிட்டு அதே பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை ஒருமுறைகூடத் தேய்க்க முடியாது. லேமினேட் என்பது மரமே அல்ல, அழுத்திய மரத்தூள் அட்டைமேல் ஒட்டிய மரப் படம். தண்ணீர் பட்டு ஓரம் ஊதினால் திரும்பி வராது. எஸ்பிசி என்று விற்கும் பலகை சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. மரத்தின் தோற்றம் போதும், கவலை வேண்டாம் என்பவர்களுக்கு அது சரி. அதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை.

ஷீட் விரிக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை கரையான் மருந்து. கட்டும்போது அடித்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு மருந்து இறக்கி அடைப்பது வழக்கமான முறை. ஐஎஸ் 6313 இதற்கான தரவிதி. மரத்தரை போட்ட பிறகு இந்தத் துளையைப் போட்டால் ஈரத்தடுப்பு ஷீட்டும் சேர்ந்து கிழியும். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, உண்மைதான். இன்ஜினியர்டு பலகையின் அடியில் இருப்பது தேக்கு அல்லவே.

மட்டம் பார்க்க ஆறு அடி அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் எல்லாத் திசையிலும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. மேட்டைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்கலாம், பள்ளத்துக்குத் தானே சமன்படும் கலவை ஊற்றலாம். பள்ளத்தை ஃபோம் அடுக்கி நிரப்புகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். மிதிக்க மிதிக்க அந்த இடத்தில் பலகையைப் பலகையோடு இணைக்கும் பூட்டு உடையும். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்பது இங்கே முக்கியமில்லை. தரை லேசாகச் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அலை அலையாக இருக்கக் கூடாது.

மிதவை முறை என்பது பலகையைத் தரையில் ஒட்டாமல், ஆணி அடிக்காமல், பலகையைப் பலகையோடு மட்டும் பூட்டிப் பரப்புவது. கீழ்த்தளத்துக்கு எனக்குப் பிடித்த முறை இது. முதலில் 200 மைக்ரான் பாலித்தீன். கடையில் கேஜ் கணக்கில் கேட்டால் 800 கேஜ். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் எட்டு அங்குலம் மேல்படிய விட்டு, நீளமாக டேப் ஒட்ட வேண்டும். சுவரில் இரண்டு அங்குலம் மடித்து ஏற்றி விடுங்கள். ஸ்கர்ட்டிங் (சுவரோரப் பட்டி) அடிக்கும் நாளில் மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம். வேலையாட்கள் சேரும் இடத்தை டேப் இல்லாமல் விடுவதும், சுவரோரம் மட்டமாக நறுக்கிவிடுவதும் சகஜம். ஈரம் வருவது அங்கேதான். மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஃபோம், அவ்வளவே. மெத்தென்று இருக்கட்டும் என்று தடிமனாகப் போட வேண்டாம்.

பலகைப் பெட்டிகள் அதே அறையில் குறைந்தது இரண்டு நாளாவது படுத்த நிலையில் கிடக்க வேண்டும். அதற்கு முன் பட்டி, பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் முடிந்து காய்ந்திருக்க வேண்டும், ஏசியும் நீங்கள் ஓட்டுவதுபோல் ஓடியிருக்க வேண்டும். பட்டி பார்க்கும் ஈரச் சுவர்களுக்கு நடுவே பெட்டியை இறக்குவது மரத்துக்குத் தண்ணீர் காட்டுவதற்குச் சமம். பலகையை அறையின் நீளவாக்கில் ஓட்டுங்கள். சுற்றிலும் ஆப்பு வைத்து 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கதவு நிலைக்காலிலும் அந்த இடைவெளி தேவை: நிலையின் அடியைப் பலகைக் கனத்துக்கு ரம்பத்தால் அறுத்து, பலகை அதன் அடியில் நுழையும்படி செய்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கர்ட்டிங் ஆணி சுவருக்குத்தான் போக வேண்டும், தரைக்கு அல்ல. இரண்டு அறைக்கும் நடுவே வாசற்படியில் மரத்தரையைத் துண்டித்து, சந்தை மூடும் டி-பட்டி போடுங்கள். சுவரோடு கட்டும் அலமாரியை முதலில் கட்டி முடித்துவிட்டு அதுவரைக்கும் மட்டும் தரையைக் கொண்டுபோங்கள். மிதவைத் தரைமேல் அலமாரியைக் கட்டினால் ஒரு பக்கம் ஆணி அடித்ததற்குச் சமம், மறுபக்கம் எழும்பும். பீரோ, கட்டில் வைப்பதில் சிக்கல் இல்லை.

பலகையைத் தரையில் ஒட்டினால் நடக்கும்போது சத்தம் குறைவு, கால் அமர்வு உறுதி, அது உண்மை. ஆனால் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. அது தண்ணீரில் கரைத்த பசை. ஒட்டும்போதே மரத்துக்கு ஈரம் ஏற்றும், பிறகு ஓதம் பட்டால் இளகும். பாலியூரித்தேன் அல்லது எம்எஸ் பாலிமர் பசை வேண்டும், அடியில் எபாக்சியும் வேண்டும். கட்டித் தேக்கு மேல் ஆசை விடவில்லையென்றால் பாலித்தீன்மேல் இரண்டு அடுக்கு மரைன் பிளைவுட்டை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டு, இரண்டையும் தங்களுக்குள் மட்டும் திருகி, அதன்மேல் குறுகிய பலகைகளை ஆணியடிப்பது ஒரு முறை. நம் ஆசாரிகள் செய்வதுபோல் ரீப்பரை (மரச்சட்டத்தை)க் கான்கிரீட்டில் துளைபோட்டு இறுக்கினால், ஒவ்வொரு துளையும் ஷீட்டில் ஓர் ஓட்டை. தரைக்குள் ஓடும் குழாயிலோ ஒயரிங்கிலோ டிரில் பட்டால் அது வேறு கதை.

உங்கள் குளியலறையும் படுக்கையறையும் ஒரே சுவரைப் பகிர்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, பெயிண்ட் பொரிந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். குளியலறைத் தரையைத் தாழ்த்திக் கட்டி உள்ளே செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால், ஒழுகும் நீர் அங்கே தேங்கிச் சுவர் வழியாகப் படுக்கையறைக்கு வரும். மாடியில் மரத்தரை போடுபவர்களுக்கு மண் ஓதம் இல்லை என்றாலும் இந்தத் தொல்லை உண்டு. வாட்டர் புரூஃபிங் முடிந்ததும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே அடுத்த அறையில் மரம் ஏற வேண்டும்.

இரண்டு அறையும் சேர்ந்து 336 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 370 வாங்குங்கள். மிஞ்சும் பலகையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வாளித் தண்ணீரும் சொட்டச் சொட்ட மாப்பும் அந்த இரண்டு அறைக்கு வேண்டாம், துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தால் போதும். பொங்கலுக்கு வீடு கழுவிவிடும்போது ஹாலிலிருந்து தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் வாசலில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.